மூன்றில் எதை முதலிற் பயில்வது?

நீந்துபவன், ஓடுபவன், துவிச்சக்கர வண்டியில் விரைபவன் ஆகிய மூவருள் உடல்வலிமை மிக்கவன் யாவன்? ஹவாய்த் தீவிலே இவ்வினாவையொட்டி எழுந்த வாதமே 1978ஆம் ஆண்டில் 'அயன்மான்' எனும் பெரும் போட்டியைத் தோற்றுவித்தது. கடலில் 3.8 கிலோ மீற்றர் நீந்தி, 180 கிலோ மீற்றர் வண்டியோட்டி, அதன் பின்னர் முழு மரதன் தூரத்தையும் ஓடி முடிப்பவனே வல்லவன் என்றார் ஜோன் கொலின்ஸ் எனும் அமெரிக்கக் கடற்படை அதிகாரி. புறப்பட்டோர் 15 பேர். முடித்தோர் 12 பேர். ஆயினும் வாதம் அன்றோடு தீர்ந்துவிடவில்லை. முத்துறைப் போட்டியில் இறங்கும் ஒவ்வொருவரும் இன்று அதைத் தம் உள்ளத்தினுள்ளே நடத்துகின்றனர்.

தொழிலோ படிப்போ உள்ளவர்க்குப் பயிற்சிக்குக் கிடைக்கும் நேரம் சிறிது. அதனை மூன்றாகப் பங்கிட்டால் மூன்றிலும் முன்னேற்றம் மெல்லவே வரும். ஆதலால், போட்டிகளில்லாத மாதங்களில் ஒரு துறையை மட்டும் முதன்மையாகக் கொண்டு உழைக்கும் முறையைப் பயிற்சியாளர் பலர் கையாளுகின்றனர். மற்றிரண்டும் கைவிடப்படுவதில்லை. வலிமையைப் புதிதாக ஈட்டுவதற்கு வேண்டிய உழைப்பிற் சிறுபங்கே ஈட்டியதைக் காப்பதற்குப் போதும். பயிலும் நேரத்தைக் குறைக்கலாம், வேகத்தைக் குறைத்தலாகாது.

அந்த ஒன்று எது என்பதிலேதான் மனித இயல்பு குறுக்கே நிற்கின்றது. நன்றாக நீந்துபவன் விடியுமுன்னரே நீச்சற் குளத்துக்கு மகிழ்வோடு செல்வான்; வண்டியை எடுக்கவேண்டிய நாளில் மழை வரும்போலத் தோன்றும். கணிதத்தில் வல்ல மாணவன் பரீட்சைக்கு முதல்நாளும் கணிதப் புத்தகத்தையே விரித்து வைத்திருப்பதை நாம் வகுப்பறையிற் காண்பதில்லையா?

அமெரிக்க வீராங்கனை குவென் ஜோர்கன்சன் பல்கலைக்கழகத்தில் நீச்சலிலும் ஓட்டத்திலும் பயின்றவர். கணக்காளராகத் தொழில் பார்த்தவர். 2010இல் முத்துறைப் போட்டிக்கு அழைக்கப்பட்டபோது வண்டிப் போட்டி அவருக்குப் புதிது. 2012 இலண்டன் ஒலிம்பிக்கில் வண்டிச் சில்லுக் காற்றுப்போக, 38ஆம் இடமே கிடைத்தது. அது விதியின் செயல் எனலாம். ஆனால், வண்டியில் அவர் பின்தங்கிய போட்டிகளெல்லாம் விதியாலானவை அல்ல. பின்வந்த ஆண்டுகளில், மேடேறுதல், இறக்கத்தில் வளைவு திரும்புதல், கூட்டத்தின் நடுவே அஞ்சாது செல்லுதல் ஆகியவற்றைப் பொறுமையோடு கற்றார். 2016இல் ரியோ நகரின் செங்குத்தான மேடுகளிலே முன்னணிக் கூட்டத்தை விட்டு அவர் விலகவில்லை. பின்னர் தமக்கு இயல்பான ஓட்டத்தில், முந்திய ஒலிம்பிக்கின் வெற்றியாளரான சுவிற்சர்லாந்தின் நிக்கோலா ஸ்பிரிக்கை 40 செக்கன்களால் வென்று பொற்பதக்கம் பெற்றார். அவ்வோட்டத் திறமை முன்னரும் அவரிடம் இருந்ததே. அதைப் பயன்படுத்தும் இடத்துக்கு அவரைக் கொண்டு சேர்த்தது வண்டி.

1.5 கிலோ மீற்றர் நீச்சல், 40 கிலோ மீற்றர் வண்டி, 10 கிலோ மீற்றர் ஓட்டம் என்பது ஒலிம்பிக் அளவு. இதில் ஏறக்குறைய அரைப்பங்கு நேரம் வண்டியிலேயே கழிகின்றது. ஆகவே சாதாரணப் போட்டியாளர் பலருக்கு வண்டிப் பயிற்சியே மிகுந்த நிமிடங்களை மீட்டுத்தரும். ஒருவர் பின் ஒருவராய்க் காற்றை மறைத்துச் செல்ல இடமளிக்கும் ஒலிம்பிக் போட்டியிலோ கணக்கு மாறுகின்றது. அங்கே நீரிலிருந்து அரை நிமிடம் பிந்தி எழுபவர், முன்னணிக் கூட்டத்தை இழந்து எதிர்காற்றோடு தனியே போராட நேரலாம். அவருக்கு நீச்சலே முதற்பாடம். நீர் காற்றைக்காட்டிலும் ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது. அதிலே முரட்டு வலிமையினும் கைவீச்சின் ஒழுங்கே பெரிதும் உதவுகின்றது. ஒருநாள் நெடுநேரம் நீந்துவதினும் வாரத்திற் பலநாள் சிறிது சிறிதாக நீந்துதல் நன்று.

ஓட்டத்தைத் தெரிந்துகொள்பவர் மட்டும் அவசரப்படலாகாது. நீரும் வண்டியும் உடலின் பாரத்தைத் தாங்குகின்றன. ஓட்டத்திலோ ஒவ்வோர் அடியும் எலும்பையும் தசைநாரையும் தாக்குகின்றது. தூரத்தைத் திடீரெனக் கூட்டினால் கணைக்கால் எலும்பு வெடித்து அப்பருவமே வீணாகலாம்.

போட்டிக்குச் சில வாரங்கள் இருக்கையில் மூன்றும் மீண்டும் ஒன்றுசேரவேண்டும். வண்டியிலிருந்து இறங்கிய கணமே ஓடிப் பழகுதல் அப்போது இன்றியமையாதது. முதல் ஒரு கிலோ மீற்றருக்குக் கால்கள் வேறொருவருடையவை போலிருக்கும்.