கப்பைத் தட்டினால் ‘ணங்’. அணு எரிபொருள் குழாயை?

சூளையிலிருந்து இறக்கிய கப்பை விரலால் தட்டிப் பார்ப்பது விருத்தாசலத்தில் நம் எல்லோருக்கும் பழக்கம். ‘ணங்’ என்றால் நல்லது, ‘டொக்’ என்றால் விரிசல். உடைக்காமலே உள்ளே இருப்பதை ஒலி சொல்லிவிடுகிறது. அணு எரிபொருள் குழாய்க்கும் ஒலியால்தான் சோதனை.

1983-ல் இயங்கத் தொடங்கிய கல்பாக்கம் அணுமின் நிலையத்தை எடுத்துக்கொள்வோம். அதன் எரிபொருள் வில்லைகள் யுரேனியம் டை ஆக்சைடு. பொடியை அழுத்தி, சுமார் 1700 டிகிரி செல்சியஸில் சுட்ட செராமிக்தான்! அவற்றை அடைக்கும் குழாய், ஜிர்காலாய் என்ற உலோகக் கலவை. நாம் கிளேஸில் போடும் ஜிர்கான்தான் அதற்கும் மூலப்பொருள். நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கிடைக்கிறது. குழாய்ச் சுவரின் கனம் சுமார் 0.4 மில்லிமீட்டர். அதில் கீறல் விழுந்து கசிந்தால், கதிரியக்கப் பொருள்கள் குளிர்விக்கும் கனநீரில் கலந்துவிடும்.

1971-ல் ஹைதராபாத்தில் தொடங்கிய அணு எரிபொருள் வளாகத்தில் இக்குழாய்கள் தயாராகின்றன. இவற்றுக்கான அல்ட்ராசோனிக் சோதனை இப்படித்தான். குழாய் தண்ணீரில் மூழ்கியிருக்கும். இடையே காற்று இருந்தால் ஒலி திரும்பிவிடும். நொடிக்குப் பல மில்லியன் முறை அதிரும் ஒலியை ஒரு படிகம் அனுப்பும். அந்தப் படிகமும் பெரும்பாலும் செராமிக்தான்! ஒலி சாய்வாக நுழைந்து சுவருக்குள் ஓடும். கீறல் குறுக்கிட்டால் எதிரொலி திரும்பும். நீளவாக்குக் கீறலுக்குச் சுற்றுவாக்கிலும், குறுக்குக் கீறலுக்கு நீளவாக்கிலும் ஒலியைச் செலுத்த வேண்டும்.

ஆனால் எவ்வளவு எதிரொலி வந்தால் ‘ரிஜெக்ட்’? அதற்குத்தான் மாதிரிக் குழாய். தெரிந்த ஆழத்தில் வேண்டுமென்றே வெட்டிய கீறல் அதில் இருக்கும். முதலில் அதை ஓட்டி அளவு வைப்பார்கள்; நடுநடுவே மீண்டும் ஓட்டுவார்கள். கருவி அந்தக் கீறலைத் தவறவிட்டால், முந்தைய சரிபார்ப்புக்குப் பிறகு தேறிய குழாய்கள் அத்தனைக்கும் மறுசோதனை!

பயிற்சியின்போது, அவசரத்தில் நான் ‘பாஸ்’ போட்ட ஒரு கப் சூடான டீ ஊற்றியதும் பிளந்தது. சூப்பர்வைசர் அண்ணன் திட்டவில்லை. ஒரு நல்ல கப்பையும் ஒரு விரிசல் கப்பையும் மேஜையில் வைத்தார். “தம்பி, தினமும் காலையில மொதல்ல இது ரெண்டையும் தட்டு. ஒன் காது சரியா இருக்கான்னு பாரு. அப்புறம் மத்ததைத் தட்டு” என்றார்.

மாதிரிக் குழாயின் அர்த்தம் எனக்கு அன்றுதான் புரிந்தது. பொருளைச் சோதிக்கும் முன், சோதிப்பவன் தன்னைச் சோதித்துக்கொள்ள வேண்டும். நாளைக்கு நம்மில் பலர் குவாலிட்டி கன்ட்ரோலில் உட்காரப் போகிறவர்கள்தானே!