இல்லங் காக்கும் இலத்திரன் மணி

பூட்டு கள்வனைத் தாமதிக்கச் செய்யும், முற்றாகத் தடுக்காது. போதிய நேரமும் அமைதியும் வாய்ப்பின் திறக்கவியலாத பூட்டு அரிது. அவ்வமைதியைக் குலைப்பதற்காகவே பண்டுதொட்டு நாயும், கதவிற் கட்டிய மணியும் பூட்டுக்குத் துணையாயின. அம்மணியை மின்னால் ஒலிக்கச் செய்யும் முறை 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்காவிலே தோன்றியது. இன்று அதனிற் சிறந்ததொன்றைப் பாடசாலைப் பௌதிகம் கற்ற மாணவன் ஒருவன், ஓரிரு நாளில், தன் கையாலேயே அமைத்துவிடலாம். ஆயின், எதனை எதனோடு இணைப்பது என்பதை அறியுமுன் ஏன் அவ்வாறு இணைப்பது என்பதை அறிதல் வேண்டும்.

மசசூசெற்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த அகஸ்ரஸ் றசல் போப் என்பார் 1853 இல் மின் காவல் மணியொன்றுக்கு ஆக்கவுரிமை பெற்றார். 1857 இல் எட்வின் ஹோம்ஸ் என்னும் வணிகர் அவ்வுரிமையை விலைக்கு வாங்கி, முதலிற் பொஸ்ரன் நகரிலும் பின்னர் நியூயோர்க்கிலும் அதனைப் பரப்பினார். போப்பின் அமைப்பிலே கதவு திறக்கப்படின் இரு தொடுகைகள் ஒன்றுசேரும், சுற்று நிறைவுறும், மின்காந்தம் சுத்தியலை இயக்கி மணியை அடிக்கும். திறந்த கதவை உடனே மூடினாலும் மணி ஓயாதவாறு வில்லொன்றையும் அவர் அமைத்திருந்தார். நுண்ணறிவுடைய ஏற்பாடு இது. எனினும் இவ்வகைச் சுற்றில் ஒரு பெருங்குறை உண்டு. காவல் காக்கும் வேளையில் அதில் மின் ஓடுவதில்லை. கம்பியை எலி கடித்து அறுத்தாலும், தொடுகையிற் களிம்பு படர்ந்தாலும் வீட்டார் அறியார். மணி ஒலிக்கவில்லை என்பதற்கு இரு பொருள் உண்டாகிவிடுகின்றது: கள்வன் வரவில்லை என்பது ஒன்று, மணி இறந்துவிட்டது என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறியவியலாத காவலைக் காவல் என்று கூறல் பொருந்துமா?

இக்குறைக்குத் தீர்வு சுற்றைத் தலைகீழாக்குவதே. வீட்டின் கதவு, யன்னல் யாவற்றையும் தொட்டுச்செல்லும் ஒரே கம்பியில் எந்நேரமும் சிறிது மின் ஓடிக்கொண்டிருக்கவேண்டும். அவ்வோட்டம் எக்காரணத்தால் நின்றாலும் மணி ஒலிக்கவேண்டும். கதவு திறந்தாலும், கள்வன் கம்பியை வெட்டினாலும், இணைப்புத் தானே கழன்றாலும் விளைவு ஒன்றே. இதனை மூடிய சுற்று முறை என்பர். தன் பழுதைத் தானே கூவியறிவிக்கும் இயல்பே இதன் சிறப்பு.

ஆனால் இடையறா ஓட்டத்துக்கு விலை உண்டு. முற்காலத்தில் இம்முறைக்கு ரிலே என்னும் மின்காந்த ஆளியே பயன்பட்டது. 6 வோல்ற்றில் இயங்கும் 100 ஓம் தடையுள்ள ரிலேச் சுருள் ஒன்று 60 மில்லியம்பியர் மின்னை உண்ணும். பெரிய ரோச் விளக்குக் காரமின்கலம் ஏறக்குறைய 12,000 மில்லியம்பியர் மணி கொள்ளளவு உடையது. ஆகவே 200 மணி நேரத்தில், அதாவது எட்டு நாளில், மின்கலங்கள் வறிதாகிவிடும். வாரந்தோறும் மின்கலம் மாற்றும் பொறுமை எவருக்குண்டு? இலத்திரனியல் உதவிக்கு வருவது இவ்விடத்திலேதான்.

1957 இல் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் உருவான சிலிக்கன் கட்டுப்பாட்டுச் சீராக்கி, தைரிஸ்டர் என்னும் இனத்தைச் சேர்ந்தது. அனோட்டு, கதோட்டு, படலை என அதற்கு மூன்று முனைகள் உண்டு. படலையிற் சிறு மின் பாயும்வரை அது மூடிய வாயில். ஒருமுறை பாய்ந்துவிட்டால் அனோட்டிலிருந்து கதோட்டுக்குப் பெருமின் செல்லும். பின்னர் படலை மின்னை நிறுத்தினும் அவ்வாயில் மூடாது. அதனூடு செல்லும் ஓட்டம் ஏறத்தாழ முற்றாகக் குன்றினாலன்றி அடங்காது. போப்பின் வில் செய்த வேலையை அசையும் உறுப்பு எதுவுமின்றி இது செய்கின்றது.

சி-106 என்னும் எளிய தைரிஸ்டர் இக்கருவிக்குப் போதியது. நான்கு 1.5 வோல்ற்று மின்கலங்களைத் தொடராக இணைத்தால் 6 வோல்ற்று கிடைக்கும். அதன் நேர்முனையிலிருந்து மின்மணியூடாகத் தைரிஸ்டரின் அனோட்டுக்கு ஒரு கம்பி செல்லும். கதோட்டு எதிர்முனையுடன் இணையும். நேர்முனையிலிருந்து 10 கிலோ ஓம் தடை ஒன்று படலைக்குச் செல்லும். இனி, படலையிற் புறப்படும் காவற் கம்பி வீட்டைச் சுற்றிவந்து கதோட்டில் முடியவேண்டும். கம்பி முழுமையாக இருக்கும்வரை தடையூடு வரும் 0.6 மில்லியம்பியர் மின்னும் கம்பி வழியே வெளியேறிவிடும். படலைக்கு எதுவும் எஞ்சாது. கம்பி அறுந்த கணமே அவ்வோட்டம் படலையுட் புகும். இவ்வினத் தைரிஸ்டரைத் திறக்க 0.2 மில்லியம்பியரே போதுமாதலின் மணி ஒலிக்கும். ரிலே உண்டதில் நூறில் ஒரு பங்கே இங்கு செலவாகின்றது. அதே மின்கலங்கள் இப்போது 20,000 மணி நேரம், அதாவது இரண்டு ஆண்டுக்கு மேல், காவல் காக்கும். இடியும் மின்னலும் நீண்ட கம்பியிற் பொய்த் துடிப்புக்களை எழுப்பக்கூடுமாதலால் படலைக்கும் கதோட்டுக்கும் இடையே 0.1 மைக்கிரோபரட் கொள்ளளவி ஒன்றைப் பற்றாசிட்டு வைத்தல் நன்று. மணியை அடக்குவதற்கு மின்கலத்தோடு தொடராக மறைவிடத்தில் ஓர் ஆளி வேண்டும்.

புதிதாகச் செய்வோரை ஏமாற்றும் நுட்பம் ஒன்று இங்கு உண்டு. பழைய மாதிரி மின்மணி தன் மின்னோட்டத்தைத் தானே நொடிக்குப் பலமுறை துண்டித்தே அடிக்கின்றது. ஓட்டம் நின்றதும் தைரிஸ்டர் மூடிக்கொள்ளும். கதவு திறந்தேயிருப்பின் படலை மீண்டும் மீண்டும் அதனைத் திறப்பதால் குறை வெளிப்படாது. கதவை மூடியவுடன் மணி ஓய்ந்துவிடும். கள்வனுக்கு இதைவிட வசதி வேறில்லை! மணிக்குச் சமாந்தரமாக 470 ஓம் தடையொன்றை இணைப்பின், மணி துண்டிக்கும் வேளையிலும் ஏறத்தாழ 11 மில்லியம்பியர் ஓடித் தைரிஸ்டரைத் திறந்தபடியே வைத்திருக்கும். சுருள் எழுப்பும் மின்னுதைப்பை விழுங்குவதற்கு எதிர்த்திசையில் ஓர் இருவாயியையும் மணிக்குக் குறுக்கே இடவேண்டும்.

கதவுகளில் றீட் ஆளிகளைப் பொருத்துவர். காற்றுப் புகாத கண்ணாடிக் குழாயுள் இரு மெல்லிய இரும்பினத் தகடுகள். அருகே காந்தம் வந்தால் அவை ஒட்டும், அகன்றால் விலகும். பெல் ஆய்வுகூடத்தில் 1936 இல் எல்வுட் என்பாரால் ஆக்கப்பட்டது இது. குழாய் நிலையிலும் காந்தம் கதவிலும் அமையவேண்டும். குழாய்க்குள் உப்புக்காற்றும் ஈரமும் அணுகாமையால் கடற்கரை ஊர்களுக்கு இது மிகப் பொருத்தம். ஆயின் மரக்கதவு மாரியிற் பருத்துக் கோடையிற் சுருங்கும். இடைவெளியை மிக நுணுக்கமாக அமைத்தாற் பொய்யொலி எழும். இரும்பு நிலையாயின் அது காந்தப்புலத்தை ஈர்த்துக்கொள்ளும். மரத்துண்டு ஒன்றை இடையில் வைத்தல் வேண்டும்.

மூடிய சுற்றும் வெல்லற்கரியதன்று. அமைப்பை அறிந்தவன் வெட்டுவதற்குப் பதிலாகக் காவற் கம்பியின் இரு நுனிகளையும் ஒன்றோடொன்று இணைத்துவிட்டால் மணி வாளாவிருக்கும். இதற்காகவே வங்கிகள் போன்ற இடங்களிற் கம்பியின் தொலைமுனையில் குறித்த அளவுடைய தடையொன்றை வைத்து, அவ்வளவு கூடினும் குறையினும் கூவும் கருவிகளை அமைப்பர். வீட்டுக்கு அத்துணை தேவையில்லை. கம்பியைக் கூரையின் உட்புறமாக மறைவிற் செலுத்தினாற் போதும்.

மின்கலத்தை விடுத்து வீட்டு மின்சாரத்தில் இக்கருவியை இயக்க எண்ணுவோர் உளர். 2022 இல் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு நிலவியதை நினைவிற் கொண்டால் அவ்வெண்ணம் அகலும். 230 வோல்ற்று மின்னை யன்னற் கம்பிகளிற் பாய்ச்சிக் கள்வனைத் தண்டிக்க முயல்வதோ கொடிய செயல்; முதலில் அதனைத் தொடுவது வீட்டுக் குழந்தையாகவே இருக்கக்கூடும்.

மாதம் ஒருமுறை கருவியைச் சோதித்தல் வேண்டும். ஒரு கதவை மட்டுமன்றி ஒவ்வொரு கதவையும் யன்னலையும் தனித்தனியே திறந்து, உடனே மூடி, மணி தொடர்ந்து ஒலிக்கின்றதா எனக் காணவேண்டும். மின்கலங்களின் அழுத்தத்தை மணி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே அளக்கவேண்டும். சும்மா இருக்கையில் நலிந்த மின்கலமும் 6 வோல்ற்றுக்கு அண்மையிற் காட்டும். ஒலிக்கையில் 5 வோல்ற்றுக்குக் கீழே இறங்கின், நான்கையும் ஒருங்கே மாற்றிவிடுதல் தகும்.