ஆணி போட்டது ஒரு ஓட்டை. கம்பி போட்டது இரண்டு ஓட்டை!
பஞ்சர் ஒட்டும்போது டியூப் கிழிவது ஏன்?

சென்னை: ஆணி குத்தி டியூப்பில் விழுந்தது ஒரே ஒரு ஓட்டை. ஒட்டி, மாட்டி, காற்றடித்துக் கிளம்பினால் நாலு தெரு தாண்டுவதற்குள் டயர் மறுபடி படுத்துவிடுகிறது. கழற்றிப் பார்த்தால், பாம்பு கடித்த மாதிரி பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கீறல்!

இது ஆணி செய்த வேலை அல்ல. டயரை நெம்பிய கம்பி செய்த வேலை.

புது வண்டிகள் பலவற்றில் டியூப் இல்லாத டயர் வந்துவிட்டது. ஆனால் ஸ்போக்ஸ் சக்கரம் என்றால் பெரும்பாலும் டியூப்தான். ஸ்போக்ஸ் மாட்டும் துளைகள் வழியே காற்று கசியும் என்பதே காரணம். 2016-ல் வந்த ராயல் என்பீல்டு ஹிமாலயன், 2019-ல் வந்த ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 ஆகிய கரடுமுரடான பாதை வண்டிகள் டியூப்போடுதான் வந்தன. மண்ணில் பாயும் ‘டர்ட் பைக்’குகளிலும் டியூப்தான் அதிகம்.

என்னென்ன தேவை?

டயர் லிவர் இரண்டு அல்லது மூன்று. நுனி கரண்டி போல வளைந்து, வழவழப்பாக இருக்க வேண்டும். ஸ்குரு டிரைவர் கூடவே கூடாது. அதன் கூரான முனைதான் டியூப்புக்கு எமன்.

லிவருக்கும் ரிம்முக்கும் நடுவே வைக்க பிளாஸ்டிக் காப்பு வேண்டும். காலி ஆயில் டப்பாவை வெட்டி வைத்தாலும் போதும். அலுமினிய ரிம் நெளியாது. இரும்பு ரிம்மில் முலாம் பெயர்ந்து துரு ஏறாது.

வால்வு பின் கழற்றும் சாவி, சோப்புத் தண்ணீர், கொஞ்சம் முகப்பவுடர். அவ்வளவுதான்.

குழியில் இருக்கு சூட்சுமம்

ரிம்மின் நடுவில் ஒரு பள்ளம் ஓடுகிறது. டயர் விளிம்புக்குள் இரும்புக் கம்பி இருப்பதால் அது ரப்பர் போல இழுபடாது. லிவர் போடும் இடத்துக்கு நேர் எதிரே, விளிம்பை முழங்காலால் அமுக்கிப் பள்ளத்தில் இறக்க வேண்டும். உடனே இந்தப் பக்கம் இடம் கிடைக்கும். லிவர் சுலபமாகத் திரும்பும்.

பள்ளத்தில் இறக்காமல் பலத்தைக் காட்டினால் என்ன ஆகும்? ரிம் நெளியும், டியூப் கிழியும். லிவர் கெட்டியாக இருந்தால் நிறுத்திவிட்டு, எதிர்ப்பக்கம் விளிம்பு மேலே ஏறிவிட்டதா என்று பார்ப்பதே புத்திசாலித்தனம்.

கழற்றும்போது வால்வு பக்கம் ஆரம்பிக்க வேண்டும்; மாட்டும்போது வால்வு பக்கம் முடிக்க வேண்டும். வால்வு இருக்கும் இடத்தில் விளிம்பு பள்ளத்துக்குள் இறங்காது என்பதால்தான் இந்த வரிசை.

டியூப்பை உள்ளே விடும்முன் பவுடர் தடவி, உருண்டை வடிவம் வரும் அளவுக்குக் கொஞ்சம் காற்று அடிக்க வேண்டும். தட்டையாக விட்டால் மடிந்து லிவருக்கு அடியில் சிக்கும். லிவரையும் தேவைக்கு மேல் உள்ளே விடக்கூடாது. கடைசியில் வால்வை ஒரு தடவை உள்ளே அமுக்கிவிட்டால், அங்கே சிக்கிய டியூப் விலகிக்கொள்ளும்.

நின்று கவனியுங்கள்!

பஞ்சர் கடையில் வண்டியை விட்டுவிட்டு டீ குடிக்கப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியவை நான்கு:

* டயருக்குள் துணியால் துழாவி ஆணியை எடுத்தாரா? எடுக்காவிட்டால் அதே ஆணி மறுபடி குத்தும்.

* ஸ்போக்ஸ் முனைகளை மூடும் ரிம் பட்டை சரியாக உட்கார்ந்திருக்கிறதா?

* காற்றடித்த பிறகு, ரிம் ஓரமாக டயரில் தெரியும் கோடு சுற்றிலும் ஒரே அளவில் இருக்கிறதா?

* வால்வு நேராக நிற்கிறதா? சாய்ந்திருந்தால் டியூப் இழுபட்டிருக்கிறது. மறுபடி கழற்றச் சொல்ல வேண்டும். வெட்கப்பட வேண்டாம்.

"டியூப் போச்சு சார், புதுசு போட்டுடலாம்" என்று கடையில் சொன்னால் அவசரப்பட வேண்டாம். பழைய டியூப்பைக் கையில் வாங்கிப் பாருங்கள். ஓட்டை உட்புறம், ரிம் பக்கமாக இருந்தால் அது ரோட்டு ஆணி குத்தியது அல்ல.

காசு நஷ்டம் மட்டுமல்ல விஷயம். வேகமாகப் போகும்போது முன் டயரில் காற்று திடீரென்று இறங்கினால் ஹேண்டில்பார் கைக்கு அடங்காது. பின்னால் லாரி வந்தால் கதி என்ன?

ஐந்து நிமிடம் கூட ஆனாலும் பரவாயில்லை. டயரைப் பலத்தால் அல்ல, பதமாகக் கழற்றச் சொல்லுங்கள்!