பெற்ற வயிற்றின் கோபம்

பண்டாரவளைக்கு அருகே, பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில், 2000 ஒக்டோபர் 25 அன்று 25க்கும் அதிகமான தமிழ் இளைஞர்களை ஒரு கும்பல் கொன்றது. பொலிஸார் அங்கேயே இருந்தார்கள். 2003இல் மேல் நீதிமன்றம் ஐவருக்கு மரண தண்டனை விதித்தது. 2005 மே மாத உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் அந்தத் தண்டனை எவர்மீதும் நிலைக்கவில்லை. அரசின் காவலில் இருந்த பிள்ளைகளைக் கொன்றவர் என்று சட்டத்தின் முன் இன்று யாருமில்லை. பெற்றவர்கள் இதை எப்படித் தாங்குவார்கள்?

கோபம் நோயல்ல

பதுளைப் பக்கத்துத் தோட்டங்களிலும் கொலையில் பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் உண்டு. "விதி, விட்டுத்தள்ளு" என்று அவர்களிடம் சொல்லாதீர்கள். நோயில் போன பிள்ளைக்கு அழலாம். கொல்லப்பட்ட பிள்ளைக்கு அழுகையோடு கேள்வியும் வரும். யார் செய்தது, ஏன், அந்தக் கடைசி நேரத்தில் என்னைக் கூப்பிட்டானா? கண்ணால் காணாத காட்சிகூட இரவில் திரும்பத் திரும்ப வரும். பழிவாங்கும் நினைப்பு எழுவதும் இயல்பே. அதை வாய்விட்டுச் சொல்ல இடம் கிடைத்தால் வேகம் தணியும். வழக்கு இழுபட்டால் ஒவ்வொரு தவணையிலும் புண் மறுபடி திறக்கும். நீதி கேட்பதைக் கைவிட்டால்தான் மனம் ஆறும் என்பதை நான் ஏற்கவில்லை.

உடம்பு தரும் விலை

நெஞ்சடைப்பு, வயிற்றெரிச்சல், தூக்கமின்மை, ஏறும் பிரஷர் என்று துக்கம் உடம்பில் இறங்கும். பிள்ளையை இழந்த 21,062 டென்மார்க் பெற்றோரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்று 2003இல் லான்செட் இதழில் வந்தது. அப்படிப்பட்ட தாய்மாருக்கு மரண ஆபத்து கூடியிருந்தது. விபத்திலோ வன்முறையிலோ பிள்ளை போயிருந்தால் அந்த ஆபத்து மேலும் கூடியிருந்தது. தகப்பன்மார் பலர் அழுவதில்லை, கசிப்பில் இறங்கிவிடுகிறார்கள். அதுவும் துக்கம்தான்.

ஆறு மாதம் கடந்தும் ஏக்கம் தணியாமல், கொழுந்தெடுக்கப் போக முடியாமல், சமைக்கவும் மனமின்றி இருந்தால் அது நீடித்த துக்கக் கோளாறாக இருக்கலாம். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் அதற்கு இடமுண்டு. பேச்சு வழிச் சிகிச்சையும் உண்டு. தோட்டத்து டிஸ்பென்சரியில் சொல்லி, பதுளை பெரியாஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குக் கடிதம் வாங்கலாம்.

லயத்து ஆட்களுக்கு

கருமாதி முடிந்ததும் வருகிறவர்கள் குறைந்துவிடுகிறார்கள். அப்போதுதான் போக வேண்டும். செத்த பிள்ளையின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். பெரும்பாலான தாய்மார் அதற்கு ஏங்குகிறார்கள். சீனி, பிரஷர் மாத்திரை எடுக்கிறார்களா என்று பாருங்கள். மிச்சப் பிள்ளைகளையும் கவனியுங்கள்.

"நானும் போயிடணும்" என்றால் தனியே விடாதீர்கள். புல்லுக்கு அடிக்கிற மருந்தை அந்த வீட்டிலிருந்து அப்புறப்படுத்துங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரமும் பேசலாம். வழக்குத் தவணையன்று நீதிமன்றத்துக்கு யாராவது ஒருவர் கூடப் போங்கள். அன்று காலையில் ஒருவாய் சாப்பிட வைத்துக் கூட்டிப் போங்கள்.