மாற்றுடுப்பு: இருப்பதைக் கொண்டு நிறைவாக உடுப்போம்

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் வீதிக்கு வந்தது. நான் அப்போது பள்ளிக்கூடப் பையன். அம்மா அவசர அவசரமாக ஒரு பையில் உடுப்புகளை அடைந்துகொண்டு புறப்பட்டார். மழையில் நனைந்து, நாவற்குழிப் பாலம் கடந்து, தென்மராட்சியில் ஒரு பாடசாலை மண்டபத்தில் ஒதுங்கியபோதுதான் அந்தப் பை திறக்கப்பட்டது. உள்ளே அம்மாவின் கூறைச்சேலை, அப்பாவின் பட்டு வேட்டி, தங்கையின் முதல்நன்மைச் சட்டை. வீட்டில் பெறுமதியானவை எல்லாம் பத்திரமாக வந்திருந்தன. நனைந்து நடுங்கிய ஐந்து பேருக்கு மாற்றிக் கட்ட ஒரு சாறம் வந்திருக்கவில்லை.

பெறுமதியான உடுப்பு வேறு, உதவும் உடுப்பு வேறு என்பதை அன்று நாங்கள் கற்றோம். பின்னர் வன்னிக்கு வந்து, 1996இல் கிளிநொச்சியை விட்டு ஓடி, 2009 வரை மீண்டும் மீண்டும் கொட்டில் மாறிய ஒவ்வொரு குடும்பத்திற்கும் இந்தப் பாடம் தெரியும். ஆனால் மீளக் குடியேறிய பின்னர் பலர் அதை மறந்து வருகிறோம். பெட்டி நிறைய உடுப்பு இருக்கும். ஆஸ்பத்திரிக்குப் போக உடுப்பு இருக்காது. ஆகவே இவ்விதழில் உடுப்பைப் பற்றிச் சிறிது சிந்திப்போம்.

வசதியுள்ள நாடுகளிலும் இந்தச் சிந்தனை உண்டு. 1970களில் இலண்டனில் உடுப்புக் கடை நடத்திய சூசி ஃபோ என்ற பெண்மணி, ஒன்றோடொன்று பொருந்தும் சில உடுப்புகளே ஒருவருக்குப் போதும் என்று சொல்லி, அதற்கு 'கப்சியூல்' தொகுதி என்று பெயரிட்டார். அதற்கும் முன்னர், இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், பிரித்தானிய அரசு 1941 யூன் முதல் உடுப்புக்குப் பங்கீடு கொண்டுவந்தது. முதலாண்டில் வளர்ந்தவர் ஒருவருக்கு 66 கூப்பன்கள். இருப்பதைக் கொண்டு சமாளியுங்கள், கிழிந்ததைத் தையுங்கள் என்று அரசே கைந்நூல் அச்சிட்டுக் கொடுத்தது. 1949 வரை இப்படியே வாழ்ந்தார்கள். ஆகவே குறைந்த உடுப்போடு வாழ்வது வெட்கத்திற்குரிய விடயமல்ல. திட்டமில்லாமல் வாழ்வதே கஷ்டத்தைத் தருகிறது.

மூன்று சோடிக் கணக்கு

ஒருவருக்குக் குறைந்தது எத்தனை உடுப்பு வேண்டும்? நமது மூதாட்டிகள் கைவிரலில் கணக்குச் சொல்வார்கள்: ஒன்று உடம்பில், ஒன்று கொடியில், ஒன்று பெட்டியில்.

உடம்பிலும் கொடியிலும் இருப்பவை தோட்டம், வயல், அடுப்படி வேலைக்கானவை. பெட்டியில் இருப்பது வெளியே போவதற்கானது. பிரதேச செயலகம், பாடசாலைக் கூட்டம், ஆஸ்பத்திரி, கோவில், செத்தவீடு எல்லாவற்றுக்கும் அதுவே. ஆகையால் அது கடும் நிறமாகவோ மினுக்கமாகவோ இருக்கக்கூடாது. வெளிர்நீலம், சாம்பல், இளமண்ணிறம் போன்ற அடக்கமான நிறமானால் நல்லதுக்கும் கெட்டதுக்கும் பொருந்தும்.

ஐந்து பேர் உள்ள குடும்பத்திற்குப் பதினைந்து சோடி. முதலில் வீட்டிலுள்ள உடுப்பை எல்லாம் பாயில் கொட்டி, இந்தப் பதினைந்தும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பல வீடுகளில் முப்பது உருப்படிகள் இருக்கும், ஆனால் பதினைந்து சோடி தேறாது. பாவாடைக்குச் சட்டை பொருந்தாது, சேலைக்கு இரவிக்கை இராது.

இதற்கு வழி, நிறத்தை முன்கூட்டியே தீர்மானிப்பது. குடும்பத்திற்கு இரண்டு அடிநிறங்களை வைத்துக்கொள்ளுங்கள். கறுப்பும் மண்ணிறமும், அல்லது கடும்நீலமும் சாம்பலும். பாவாடை, காற்சட்டை, இரவிக்கை ஆகியன இந்த நிறங்களில் இருக்கட்டும். பூப்போட்டதும் கோடு போட்டதும் மேற்சட்டையில் மட்டும் வரட்டும். இப்படி அமைந்தால் இரண்டு பாவாடையும் மூன்று சட்டையும் உள்ள பிள்ளை ஆறு விதமாக உடுக்கலாம். ஒரு கறுப்பு இரவிக்கை நாலு சேலைக்குப் போதும். அடிநிறத்தில் செம்மண் கறையும் எளிதில் தெரியாது. வன்னியில் இது சின்ன விடயமல்ல.

துணி பார்த்து வாங்குதல்

வயலுக்குப் பருத்தி நல்லது. வியர்வையை உறிஞ்சும். ஆனால் மாரியில் இரண்டு நாளானாலும் காயாது. பொலியெஸ்டர் விரைவில் காயும், விலையும் குறைவு. ஆனால் வெயிலில் அவிக்கும். அடுப்படியில் அது ஆபத்தும்கூட. தீப்பிடித்தால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். ஆகவே அடுப்படிச் சோட்டி பருத்தியாக இருக்கட்டும். வெளியே போகும் உடுப்பு கலப்புத் துணியாக இருக்கலாம்.

வாங்கும் காலத்தையும் கவனிக்க வேண்டும். நமது கையில் காசு புழங்குவது காலபோக அறுவடைக்குப் பின்னர். ஆனால் நாம் உடுப்பு வாங்குவதோ தீபாவளிக்கும் நத்தாருக்கும், அதாவது விதைப்பும் உரமும் காசைத் தின்ற பிறகு. அந்த நேரம் பார்த்து வீடு தேடி வரும் வியாபாரியிடம் தவணைக்கு எடுக்கிறோம். நுண்கடன் தவணையோடு துணித் தவணையும் சேர்ந்தால் குடும்பம் எங்கே நிமிரும்? அறுவடைக் காசில் தேவையானதை வாங்கி, பெருநாளுக்கு அதையே புதிதாக உடுக்கப் பழகுவோம்.

முதலில் யாருக்கு?

முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு கிராமம். அங்கே ஒரு சிறுமி ஒருநாள் விட்டு ஒருநாள்தான் பள்ளிக்கு வருவதாக ஆசிரியை சொன்னார். வீட்டுக்குப் போய் விசாரித்தேன். தாய் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "இரண்டு பேருக்கும் ஒரு வெள்ளைச் சட்டைதான் பாதர். இண்டைக்கு மூத்தவள், நாளைக்கு இளையவள்."

பாடசாலைச் சீருடைத் துணி 1993 முதல் அரசால் இலவசமாக வழங்கப்பட்டு வருகிறது. ஆயினும் ஆண்டுக்கு ஒரு சட்டை, செம்மண் பாதையில் நடக்கும் பிள்ளைக்குக் காணாது. அந்த வீட்டில் தகப்பனின் வெள்ளை வேட்டி ஒன்று பெட்டியில் கிடந்தது. ஆடைத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகும் பக்கத்து வீட்டுப் பிள்ளை, ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை இரட்டையாக மடித்துச் சட்டை தைத்துக் கொடுத்தாள். அடுத்த கிழமை சகோதரிகள் இருவரும் சேர்ந்து பள்ளிக்குப் போனார்கள். ஒரு வேட்டியும் ஒரு பின்னேரமும்தான் செலவு. அதுவரை அந்தப் பிள்ளைகள் இழந்த பாடங்களை யார் திருப்பித் தருவார்?

ஆகவே உடுப்புச் செலவில் முதலிடம் பள்ளிப் பிள்ளைக்கு. தைக்கும்போது கீழ்மடிப்பை நாலு விரல் அகலமாக விடுங்கள். பக்கத் தையலிலும் துணி விடுங்கள். வளர வளரப் பிரித்து விடலாம்.

இரண்டாமிடம் பெண்களின் உள்ளுடுப்புக்கும் மாதத் துணிக்கும். இதைப் பேச நாம் கூச்சப்படுகிறோம். 2009இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாம்களில் இரண்டு இலட்சத்துக்கும் அதிகமானோர் அடைபட்டிருந்த வேளை, ஓர் அமைப்பு கொண்டுவந்த உடுப்புப் பொதிகளைப் பிரிக்க நானும் உதவினேன். கம்பளி மேலங்கியும் குதியுயர்ந்த சப்பாத்தும் இருந்தன. உள்பாவாடை ஒன்றுகூட இல்லை. பெண்கள் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் திரும்பினார்கள். கொடுப்பவர்கள் முதலில் கேட்டறிய வேண்டும். வீட்டில் ஆண்களும் கேட்டறிய வேண்டும். பழைய பருத்திச் சேலையை வெட்டி மாதத் துணியாக்கினால், அதைச் சவர்க்காரத்தில் தோய்த்து நேர்வெயிலில் காயவிட வேண்டும். மறைவில் ஈரத்தோடு வைத்தால் நோய் வரும். வளவில் வெயில் படும் மூலையில் ஒரு கிடுகு மறைப்புக் கட்டிக் கொடுப்பது அப்பாமாரின் கடமை.

கந்தையானாலும் கசக்கிக் கட்டு

சவர்க்காரம் தடைப்பட்ட காலத்தில் பனங்களியால் உடுப்புத் தோய்த்தோம். அழுக்குப் போகும், வாசம் போகாது. கொடியில் போட்டால் மாடு வந்து சப்பிவிடும். இன்று கடையில் சவர்க்காரம் உண்டு. ஆனால் வன்னியின் பல கிணறுகளின் வன்னீரில் அது நுரைக்காமல் வீணாகிறது. மாரியில் மழைநீரைப் பிடித்துத் தோய்த்தால் பாதிச் சவர்க்காரம் மிஞ்சும். செம்மண் கறையை உடனே தேய்க்காமல், காயவிட்டு உதறி, பின் ஊறவையுங்கள். சாயம் போகாதிருக்க உட்புறத்தை வெளியே திருப்பிக் காயவிடுங்கள்.

ஒவ்வொரு வீட்டிலும் ஒரு ரின்னில் ஊசி, கறுப்பு வெள்ளை நூல், பழைய தெறிகள் இருக்கட்டும். சிறு கிழிசலை அன்றிரவே தைத்துவிட்டால் அந்த உடுப்பு இன்னும் ஒரு போகம் தாங்கும். ஆண்பிள்ளைகளுக்கும் தெறி தைக்கப் பழக்குங்கள். சேலை பழுதானால் பாவாடை, பின் ஏணை, பின் தலையணை உறை, கடைசியில் அடுப்படிப் பிடிதுணி. எறிவதற்கு ஒன்றுமில்லை.

பொதுவில் வைக்கக்கூடியவை

கலியாணத்திற்காக ஒவ்வொரு வீடும் கடன்பட்டுப் பட்டு வாங்க வேண்டியதில்லை. ஊரில் நாலைந்து நல்ல சேலைகளையும் வேட்டிகளையும் மாதர் சங்கம் பொறுப்பாக வைத்துக்கொண்டு, தேவைப்படுவோருக்குக் கொடுத்து வாங்கலாம். யார் வாங்கினார் என்பதை மற்றவருக்குச் சொல்லாத ஒருவரிடம் அந்தப் பெட்டித் திறப்பு இருக்க வேண்டும் என்பது ஒன்றே விதி.

வாசலுக்கருகில் ஒரு பை

2018 டிசெம்பரில் இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டு, கிளிநொச்சி, முல்லைத்தீவுக் கிராமங்களுக்குள் வெள்ளம் வந்தபோது, மீண்டும் வெறுங்கையோடு பாடசாலைகளுக்கு ஓடினோம். ஆகவே ஐப்பசி பிறந்ததும் ஒரு பையைத் தயார்செய்து வையுங்கள். ஆளுக்கொரு மாற்றுடுப்பு, இரண்டு சாறம், ஒரு துவாய், மாதத் துணி, ஒரு சவர்க்காரம். பொலித்தீனில் சுற்றிய அடையாள அட்டைகள், பிறப்புச் சான்றிதழ்கள், காணி அனுமதிப்பத்திரம் அல்லது உறுதி. சாறம் ஏன் இரண்டு என்று கேட்பீர்கள். குளிக்க மறைப்பு, இரவில் போர்வை, குழந்தைக்கு ஏணை, மூட்டை கட்டத் துணி எல்லாம் அதுவே.

எங்கள் அம்மாவின் கூறைச்சேலை வீண்போகவில்லை. வன்னியில் இருந்த காலத்தில் பக்கத்துக் கொட்டில்களிலிருந்த மூன்று பிள்ளைகள் அதை உடுத்தித்தான் மணமேடைக்குப் போனார்கள். ஆனால் மாரி தொடங்கினால், அம்மா இன்றைக்கும் முதலில் எடுத்துவைப்பது இரண்டு சாறங்களைத்தான்.