ஹாஸ்டல் ரூமில் ஒரிஜினல் பிக்காசோ... வாடகை 5 டாலர்தான்!

உங்கள் ஹாஸ்டல் ரூம் சுவரில் என்ன மாட்டியிருந்தீர்கள்? விஜய் போஸ்டர், தோனி போஸ்டர், செமஸ்டர் டைம் டேபிள், கொஞ்சம் பக்தி இருந்தால் ஒரு முருகன் காலண்டர். நம்மில் பெரும்பாலானோருக்கு இவ்வளவுதான்.

அமெரிக்காவில் ஒரு கல்லூரி இருக்கிறது. அங்கே படிக்கும் மாணவர், கட்டிலுக்கு மேலே பிக்காசோ படைப்பை மாட்டி வைத்துக்கொண்டு தூங்கலாம். ஜெராக்ஸ் காப்பி இல்லை, ஒரிஜினல்! ஒரு செமஸ்டருக்கு வாடகை 5 டாலர். நம்ம ஊர்க் கணக்கில் இரண்டு பேர் பிரியாணி சாப்பிடும் காசு.

ஓஹியோ மாகாணத்தில், கிளீவ்லேண்ட் நகரத்துக்குத் தென்மேற்கே இருக்கும் சின்ன ஊர் ஓபர்லின். அந்த ஊரின் பெயரிலேயே 1833-ல் தொடங்கப்பட்டது ஓபர்லின் கல்லூரி. 1917-ல் கல்லூரிக்கென்றே ஓர் அருங்காட்சியகம் கட்டினார்கள். பெயர், ஆலன் நினைவுக் கலை அருங்காட்சியகம். நியூயார்க்கின் புகழ்பெற்ற வுல்வொர்த் கட்டடத்தை வடிவமைத்த கேஸ் கில்பர்ட்தான் இதையும் வடிவமைத்தார். யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம், டிக்கெட் கிடையாது.

டென்ட் போட்டுக் காத்திருக்கும் கூட்டம்

எல்லன் ஜான்சன் என்று ஒரு கலை வரலாற்றுப் பேராசிரியை. நூலகப் பொறுப்பையும் பார்த்தவர். 'நூலகத்தில் புத்தகம் கொடுக்கிறோம், படித்துவிட்டுத் திருப்பித் தருகிறார்கள். ஓவியத்தை மட்டும் ஏன் கொடுக்கக் கூடாது?' என்ற எண்ணத்தின் விளைவாக 1940-ல் அவர் தொடங்கியதுதான் இந்தக் கலை வாடகைத் திட்டம்.

ஒவ்வொரு செமஸ்டரின் தொடக்கத்திலும் வாடகை நாள் வரும். நம்ம ஊரில் முதல் நாள் முதல் ஷோவுக்கு நிற்பார்களே, அப்படி முந்தைய நாள் இரவே அருங்காட்சியகத்துக்கு வெளியே கூட்டம் சேர்ந்துவிடும். டென்ட், போர்வை, நொறுக்குத்தீனி சகிதம் விடிய விடியக் காத்திருப்பார்கள். காலையில் கதவு திறந்ததும், வரிசையில் முதலில் நிற்பவருக்கு முதல் சாய்ஸ். ஐடி கார்டைக் காட்டி, ஒருவர் இரண்டு படைப்புகள் வரை எடுத்துக்கொள்ளலாம். பிக்காசோ, டாலி, ஷகால், வார்ஹோல் எனப் பாடப்புத்தகத்தில் பார்த்த பெயர்களெல்லாம் கையில் பிடித்துத் தூக்கிப் போகும் ஃபிரேமாக வந்துவிடும்.

இதில் பெரும்பாலானவை அச்சோவியங்கள். ஓவியரே கல்லிலோ உலோகத் தகட்டிலோ வரைந்து, குறிப்பிட்ட எண்ணிக்கையில் மட்டும் அச்சிட்டவை. ஒரே ஒரு பிரதி மட்டும் உள்ள ஓவியம் இல்லையென்றாலும், ஒவ்வொன்றும் ஒரிஜினல்தான். விலையும் அதற்கேற்ப இருக்கும்.

'பசங்க கையில கொடுத்தா கிழிச்சிட மாட்டாங்களா?' உங்கள் கேள்வி புரிகிறது. 80 ஆண்டுகளுக்கு மேலாக நடக்கும் இந்தத் திட்டத்தில் தொலைந்ததும் சேதமானதும் மிக மிகக் குறைவு என்பதுதான் பதில். நம்பிக் கொடுத்ததை அந்த மாணவர்கள் பத்திரமாகப் பார்த்துக்கொண்டார்கள்.

மைதானத்திலும் அதே கதை

ஓபர்லினுக்கு இந்த 'நம்பிக் கொடுக்கும்' பழக்கம் புதிதல்ல. 1835-லேயே கறுப்பின மாணவர்களைச் சேர்த்துக்கொள்ள முடிவெடுத்தார்கள். அமெரிக்காவில் அடிமை முறை ஒழிய அதற்குப் பிறகு 30 ஆண்டுகள் ஆயின. 1837-ல் ஆண்களோடு சேர்ந்து பட்டம் படிக்க நான்கு பெண்கள் நுழைந்தார்கள்.

1881-ல் இந்தக் கல்லூரி பேஸ்பால் அணியில் ஆடிய மோசஸ் ஃப்ளீட்வுட் வாக்கர், 1884-ல் மேஜர் லீக் போட்டிகளில் ஆடினார். அதன்பின் கறுப்பின வீரர்களுக்கு அந்தக் கதவு மூடப்பட்டது. 1947-ல் ஜாக்கி ராபின்சன் வரும்வரை திறக்கவே இல்லை.

இன்னொரு பெயர், டாமி ஸ்மித். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை 19.83 விநாடிகளில் ஓடி உலக சாதனையோடு தங்கம் வென்றவர். பதக்க மேடையில் கறுப்புக் கையுறை அணிந்த கையை உயர்த்தி, இனவெறிக்கு எதிர்ப்பைக் காட்டினார். போட்டி முடிவதற்குள் அவரை ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். அதன்பின் நல்ல வேலை கிடைப்பதே பாடாகிவிட்டது. அவரை 1972-ல் தடகளப் பயிற்சியாளராகக் கூப்பிட்டு வேலை கொடுத்தது ஓபர்லின்.

விளையாட்டில் இது பெரிய கல்லூரி ஒன்றும் இல்லை. மூன்றாம் பிரிவில் ஆடும் கல்லூரி என்பதால் விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப் கிடையாது. ஆசைக்கு ஆடுகிறவர்கள்தான். ஆனாலும் பெருமை பேச ஒரு விஷயம் இருக்கிறது. 1921-ல் ஜாம்பவான் ஓஹியோ ஸ்டேட் அணியை அமெரிக்கன் ஃபுட்பாலில் 7-6 என்று தோற்கடித்தார்கள். அதன்பின் அதே மாகாணத்தைச் சேர்ந்த வேறு எந்தக் கல்லூரியாலும் அந்த அணியை வெல்ல முடியவில்லை!

மெஸ்ஸும் மாணவர்கள் கையில்

ஹாஸ்டல் என்றாலே மெஸ் சாப்பாட்டுப் புலம்பல் இல்லாமலா? ஓபர்லின் மாணவர்கள் 1950-லேயே அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கூட்டுறவுச் சங்கம் தொடங்கி, மளிகை வாங்குவது, சமைப்பது, பாத்திரம் கழுவுவது, கணக்கு எழுதுவது என்று எல்லா வேலைகளையும் முறை வைத்துப் பங்குபோட்டுச் செய்கிறார்கள். செலவு குறைவு. உப்பு கூடிப்போனால் திட்டுவதற்கும் வேறு ஆள் இல்லை.

எல்லாமே சர்க்கரைப் பொங்கல் இல்லைதான். 2020-ல் கல்லூரி உணவுக்கூடத்தையும் துப்புரவுப் பணியையும் வெளி நிறுவனங்களிடம் ஒப்படைக்க நிர்வாகம் முடிவெடுத்தபோது, பல ஆண்டுகள் வேலை பார்த்த தொழிலாளர்களுக்காக மாணவர்களும் முன்னாள் மாணவர்களும் குரல் கொடுத்தார்கள். சோறு போட்டவர்களை மறக்காத பிள்ளைகள்!

நம்ம மதுரைக்கும் இந்த ஊருக்கும் ஒரு தொடர்பு உண்டு. ஓபர்லினில் 1908-ல் தொடங்கிய 'ஷான்சி' என்ற அமைப்பின் மூலம் பட்டம் முடித்த இளைஞர்கள் அமெரிக்கன் கல்லூரிக்கும் லேடி டோக் கல்லூரிக்கும் வந்து தங்கி, பாடம் நடத்தியிருக்கிறார்கள்.

சாவி யார்கிட்ட இருக்கு?

இதையெல்லாம் படித்தபோது எனக்கு நான் படித்த கல்லூரி ஞாபகம் வந்தது. பெயர் வேண்டாமே. அங்கேயும் ஓர் அருங்காட்சியக அறை இருந்தது. பழைய நாணயங்கள், ஓலைச்சுவடிகள், முதுமக்கள் தாழி எல்லாம் இருப்பதாகச் சொல்வார்கள். கதவில் எப்போதும் பூட்டு.

"அண்ணே, ஒரு தடவை திறந்து காட்டுங்கண்ணே" என்று அட்டெண்டர் அண்ணனிடம் கேட்டால், "சாவி சார்கிட்ட இருக்கு தம்பி" என்பார். சாரிடம் போனால், "ஆபீஸ்ல கேளுப்பா" என்பார். மூன்று வருஷத்தில் நான் அந்த அறையைப் பார்த்தது ஒரே ஒரு முறை. நாக் குழு ஆய்வுக்கு வந்த அன்று! மறுநாள் மறுபடியும் பூட்டு. நாங்கள் வாங்கிக் கொடுத்த கபடிக் கோப்பையும் கண்ணாடி அலமாரிக்குள் போனதோடு சரி.

யாரையும் குறை சொல்லவில்லை. ஒரு நாணயம் தொலைந்தால் அந்த அண்ணன் வேலைக்கே ஆபத்து. அந்தப் பயம்தான் பூட்டாகத் தொங்குகிறது. ஆனால் பூட்டிய அறைக்குள் இருக்கும் தாழியை, எதிர்கால ஆராய்ச்சியாளர் ஒருவர் பார்க்காமலேயே பட்டம் வாங்கிப் போய்விடுகிறாரே, அதுவும் இழப்புதானே?

பிக்காசோவை வீட்டுக்குக் கொடுத்தனுப்ப வேண்டாம். வாரத்தில் ஒரு நாள், ஒரு மணி நேரம், இரண்டு மாணவர்களின் பொறுப்பில் அந்தக் கதவைத் திறந்து வைக்கலாம். அதற்கு 5 டாலர்கூடச் செலவில்லை.

உங்கள் கல்லூரியிலும் அப்படி ஓர் அறை இருக்கிறதா? நாளைக்குப் போய்க் கேட்டுப் பாருங்கள், சாவி யாரிடம் இருக்கிறது என்று!