70 ஆண்டு பெட்டிக்குள் கிடந்த பாட்டு!

ஒரு மனிதர் ஏறக்குறைய ஆயிரம் இசைத்தட்டுகளைத் தம் வீட்டில் வைத்திருந்தார். அவற்றில் இருந்த பாட்டுகள் உலகில் வேறு யாரிடமும் இல்லை. கேட்டவர்களுக்கு எல்லாம் அவர் சிரித்து மழுப்பினார். தட்டுகளைப் போட்டுக் காட்டவில்லை. சாகும் வரை காட்டவில்லை!

அவர் பெயர் பில் சேவரி. அமெரிக்க நாட்டுக்காரர். ஒலிப்பதிவு எஞ்சினீயர்.

1930-களின் பிற்பகுதியில் அவர் நியூயார்க் நகரில் ஓர் ஒலிப்பதிவு நிலையத்தில் வேலை பார்த்தார். ரேடியோ நிகழ்ச்சிகளைத் தட்டில் பதிவு செய்து கொடுப்பது அந்த நிலையத்தின் தொழில்.

காற்றோடு போன பாட்டு

அந்த நாளில் அமெரிக்காவில் இரவு ஆனால் ரேடியோவில் ஜாஸ் இசை கேட்கும். ஜாஸ் என்பது அமெரிக்கக் கறுப்பின மக்கள் வளர்த்த இசை. நியூ ஆர்லியன்ஸ் நகரில் பிறந்தது. எழுதி வைத்ததை அப்படியே வாசிப்பது அல்ல. வாசிப்பவர் மேடையிலேயே கற்பனை செய்து வாசிப்பார். இன்று வாசித்தது போல நாளை வாசிக்க மாட்டார்.

நடன மண்டபத்தில் வாத்திய கோஷ்டி வாசிக்கும். அது நேராக ரேடியோவில் ஒலிபரப்பாகும். வாசித்து முடித்தால் அவ்வளவுதான். காற்றோடு போய்விடும்.

கடையில் இசைத்தட்டு கிடைக்காதா என்று கேட்கலாம். கிடைக்கும். ஆனால் அதில் ஒரு தொல்லை. 10 அங்குலத் தட்டு, நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும். ஒரு பக்கத்தில் மூன்று நிமிடம்தான் பாட்டு பிடிக்கும். ஆகவே எவ்வளவு பெரிய வித்துவானாக இருந்தாலும் மூன்று நிமிடத்தில் கடையைக் கட்டவேண்டும்!

சேவரி பெரிய தட்டுகளை வைத்திருந்தார். 12 அங்குலம், 16 அங்குலம். சில மெதுவாகச் சுற்றுபவை. அதனால் நீண்ட பாட்டும் முழுதாகப் பதிவாயிற்று. வேலைக்காகப் பதிவு செய்தது போக, தமக்குப் பிடித்ததை எல்லாம் தமக்கென்று பதிவு செய்து கொண்டார். கவுன்ட் பேசி, பென்னி குட்மன், பில்லி ஹாலிடே, பேட்ஸ் வாலர் என்று அன்றைய பெரிய புள்ளிகள் எல்லோரும் அந்தத் தட்டுகளில் இருந்தார்கள்.

1952-ம் ஆண்டில் குட்மன் கோஷ்டியின் வாசிப்பு மட்டும் ஓரளவு வெளியே வந்தது. மற்றவை வீட்டிலேயே இருந்தன.

விடாக்கண்டன்

லோரன் ஷோன்பெர்க் என்பவர் சாக்ஸபோன் வாசிப்பவர். 1980-ல் சேவரியைச் சந்தித்தார். தட்டுகளைப் பற்றிக் கேட்டார். சேவரி பிடி கொடுக்கவில்லை. ஷோன்பெர்க்கும் விடவில்லை. 24 ஆண்டு கேட்டுக்கொண்டே இருந்தார்!

2004-ல் சேவரி காலமானார். தட்டுகள் எங்கே என்றே வெளியாருக்குத் தெரியாமல் போயிற்று.

ஆறு ஆண்டு கழித்து, 2010-ல், சேவரியின் மகனிடம் அவை இருப்பது தெரிந்தது. அவர் இல்லினாய் மாநிலத்தில் இருந்தார். அப்போது ஷோன்பெர்க், நியூயார்க்கில் உள்ள ஹார்லெம் தேசிய ஜாஸ் அருங்காட்சியகத்தில் பொறுப்பில் இருந்தார். நேரே போய் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள்.

பெட்டிகளைத் திறந்து பார்த்தபோது மகிழ்ச்சியும் வந்தது. துக்கமும் வந்தது.

அந்தக் காலத்துப் பதிவுத் தட்டு, அலுமினியத் தகட்டின் மேல் அரக்கு போன்ற பூச்சு பூசியது. பாட்டு இருப்பது பூச்சில்தான். நாள் பட்டால் பூச்சு காயும், சுருங்கும், செதில் செதிலாக உரியும். பூஞ்சையும் பிடிக்கும். சேவரியின் தட்டுகளில் ஏறக்குறைய கால் பங்கு அப்படிப் பாழாகிவிட்டது. இன்னொரு கால் பங்கு மிக நன்றாக இருந்தது. மீதிப் பாதி இரண்டுக்கும் நடுவே.

சேவரி இல்லாவிட்டால் எதுவுமே மிஞ்சியிருக்காது. முன்பே கொடுத்திருந்தால் அந்தக் கால் பங்கில் எவ்வளவோ பிழைத்திருக்கும். அவரைப் புகழ்வதா, திட்டுவதா? ஜாஸ் ரசிகர்கள் இரண்டும் செய்கிறார்கள்!

டக் பொமராய் என்ற எஞ்சினீயர் தட்டுகளைக் கழுவி, பக்குவமாக ஓடவிட்டு, பாட்டைக் கம்ப்யூட்டருக்கு மாற்றினார். அதன் பிறகும் உடனே விற்பனைக்கு வரவில்லை. இறந்துபோன கலைஞர்களின் வாரிசுகளிடம் உரிமை பேசித் தீர்க்கவேண்டியிருந்தது. 2016-ல் முதல் தொகுதி இன்டர்நெட் வழியாக வெளிவந்தது. 2018-ல் ஆறு குறுந்தட்டுகள் அடங்கிய பெட்டியாக வந்தது.

பெட்டி வியாபாரம்

அந்தப் பெட்டியை வெளியிட்டது மொசைக் என்ற கம்பெனி. பழைய ஜாஸ் பிரியர்களுக்கு இந்தப் பெயரைக் கேட்டால் நாக்கில் நீர் ஊறும்.

மைக்கேல் கஸ்குனா, சார்லி லூரி என்ற இரு நண்பர்கள் தொடங்கிய கம்பெனி அது. பெரிய இசைத்தட்டுக் கம்பெனிகளின் கிடங்கில் பழைய ஒலிநாடாக்கள் தூங்குகின்றன. அவற்றைக் குத்தகைக்கு வாங்கி, ஒரு கலைஞரின் பாட்டுகளைத் தேதி வரிசைப்படி அடுக்கி, ஒரே பெட்டியில் போட்டு விற்பதுதான் தொழில். 1983-ல் முதல் பெட்டி வந்தது. தெலோனியஸ் மங்க் என்ற பியானோ மேதையின் வாசிப்பு அது.

பெட்டிக்குள் ஒரு பெரிய புத்தகம் இருக்கும். எந்தத் தேதியில், எந்த ஊரில் பதிவு செய்தார்கள், யார் யார் என்ன வாத்தியம் வாசித்தார்கள் என்ற விவரம் அதில் இருக்கும். அரிய புகைப்படங்களும் இருக்கும்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. இத்தனை பெட்டிதான் போடுவது என்று கணக்கு வைத்தார்கள். ஐயாயிரம் என்றால் ஐயாயிரம். ஒவ்வொன்றுக்கும் வரிசை எண் போட்டார்கள். தபாலில் விற்றார்கள். தீர்ந்தால் தீர்ந்ததுதான், மறுபடி அச்சிடுவது இல்லை. ஆகவே பழைய சரக்குக்கு விலை ஏறிவிடும். பாடகர் நாட் கிங் கோல் பெட்டியில் 18 குறுந்தட்டுகள். 1991-ல் வந்தது. அன்று வாங்காமல் விட்டவர்கள் பின்பு பல மடங்கு கொடுத்து வாங்கினார்கள்.

லூரி 2000-லும் கஸ்குனா 2024-லும் காலமானார்கள்.

பழைய பெட்டி வாங்குவோர் முதலில் புத்தகம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். புத்தகம் இல்லாத பெட்டி, ஜாதகம் இல்லாத வரன் மாதிரி! பிறகு தட்டுகளை எண்ணுவார்கள், கீறலைப் பார்ப்பார்கள். பெரிய தட்டுகளைப் படுக்கையாக அடுக்கமாட்டார்கள். நிமிர்த்தி வைப்பார்கள். ஒன்றின் மேல் ஒன்று அழுத்தினால் வளைந்துவிடும்.

முழுப் பெட்டியில் ஒரு சங்கடமும் உண்டு. ஒரே பாட்டு மூன்று தடவை வரும். முதல் தடவை தப்பு, இரண்டாவது சுமார், மூன்றாவது சரி என்று எல்லாவற்றையும் சேர்த்திருப்பார்கள். ஒரே மூச்சில் கேட்டால் அலுக்கும். நாளைக்கு ஒரு தட்டு என்று கேட்பதே நல்லது. அப்போதுதான் தப்பு எப்படிச் சரியாயிற்று என்பது காதில் விழும்.

நடனம் ஆட வந்த பெண்

பாட்டுப் பெட்டிகளில் பெயர் பெற்றது எல்லா பிட்ஸ்ஜெரால்டு என்ற பாடகியின் பெட்டி. எல்லா என்பது அவருடைய பெயர்.

தாயை இழந்த ஏழைப் பெண். 1934 நவம்பரில், 17 வயதில், ஹார்லெம் அப்பல்லோ தியேட்டரில் நடந்த போட்டிக்குப் போனார். நடனம் ஆடத்தான் போனார். அவருக்கு முன் ஆடிய சகோதரிகளைப் பார்த்ததும் கால் நடுங்கிவிட்டது. மேடை ஏறியாயிற்று, ஏதாவது செய்யவேண்டுமே! பாடினார். முதல் பரிசு!

1956 முதல் 1964 வரை, அமெரிக்கப் பாட்டாசிரியர்களுக்கு ஒரு தொகுதி வீதம் எட்டுத் தொகுதிகள் பாடினார். கெர்ஷ்வின் சகோதரர்களின் பாட்டுகள் மட்டும் ஐந்து தட்டு! எட்டையும் சேர்த்து 1993-ல் 16 குறுந்தட்டுகளாக ஒரு பெட்டி வந்தது. 1995-ல் அதற்கு கிராமி பரிசும் கிடைத்தது.

சேவரியின் பெட்டியிலும் இவர் குரல் இருக்கிறது. 1938-ல், 21 வயதில், ரேடியோவில் பாடியது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் ஒரு பெண் வளர்ந்த கதை தெரியும்.

பாட்டைக் காப்பது லேசான வேலை அல்ல. 2008 ஜூன் 1-ந் தேதி ஹாலிவுட்டில் யுனிவர்சல் ஸ்டூடியோவில் பெரிய தீ விபத்து நடந்தது. கிடங்கில் இருந்த மூல ஒலிநாடாக்கள் எரிந்தன. எத்தனை என்பதில் பெரிய தகராறு. 11 ஆண்டு கழித்து, 2019-ல், நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை விரிவாக எழுதிய பிறகுதான் ஜனங்களுக்கு அதன் அளவே புரிந்தது.

மூன்று நிமிடம் தாண்டி...

கோல்மன் ஹாக்கின்ஸ் என்பவர் சாக்ஸபோன் வாசிப்பதில் சூரர். 1939 அக்டோபரில் 'பாடி அண்ட் சோல்' என்ற மெட்டை வாசித்துத் தட்டு கொடுத்தார். நாடே கொண்டாடியது. மூன்று நிமிடத் தட்டு அது.

அடுத்த ஆண்டு நியூயார்க் நடன மண்டபம் ஒன்றில் அதே மெட்டை வாசித்தார். ரேடியோவில் ஒலிபரப்பானது. சேவரி பிடித்து வைத்தார். 70 ஆண்டு கழித்து ஷோன்பெர்க் அந்தத் தட்டைப் போட்டுக் கேட்டார்.

மூன்று நிமிடம் ஆயிற்று. ஹாக்கின்ஸ் நிறுத்தவில்லை. புதிய கற்பனை, அதன் மேல் இன்னொரு கற்பனை என்று போய்க்கொண்டே இருக்கிறார். ஏறக்குறைய ஆறு நிமிடம் வாசிக்கிறார்.